மரம் கைகொடுக்குமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றை ஏறி முடித்து, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் கால் வைத்ததும், சமவெளியின் வெயிலிலேயே வாழ்ந்து பழகிய நமக்கு வேறோர் உலகத்துக்குள் நுழைந்துவிட்டாற்போலத் தோன்றும். 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் கொண்டுவந்து ஊன்றிய காப்பிச் செடி இன்று சேர்வராயன் மலையின் சரிவுகளெங்கும் பரந்து கிடக்கிறது. செடிகளுக்கு நிழல் தர நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்கள். அம்மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள். காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் இவை ஒன்றுமே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நீட்டிய கையின் விரல்கள் தெரிந்தால் அது நல்ல நாள் என்று அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சென்ற டிசம்பரில், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், நம் இளமைக்கால நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். அவர் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெறும் நிலையில் இருப்பவர். அவருடைய மகள் வயிற்றுப் பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. பள்ளிக்கூடம் தோட்டத்தின் மறுகோடியில். இடைப்பட்ட வழி நெடுகிலும் மரங்களே.

பேரன் பனிக்கு அஞ்சினான். வாசற்படியில் நின்றுகொண்டு, 'எதிரே ஒன்றுமே இல்லை, நான் போகமாட்டேன்' என்று அழுதான். எவ்வளவு சரியான வாக்கியம் பாருங்கள்! அவன் கண்ணுக்கு எதிரே ஒன்றுமே இல்லைதான். நம் நண்பர், 'போய்விட்டு வா, சாயங்காலம் மிட்டாய் வாங்கி வைக்கிறேன்' என்றார். முன்னரும் பலமுறை அப்படிச் சொல்லி வாங்கி வைக்காமல் விட்டவர் என்பதால் பையனிடம் அது செல்லவில்லை. பாட்டியம்மா, 'போகாவிட்டால் பூச்சாண்டி வருவான்' என்றார். பனியே அவனுக்குப் பூச்சாண்டியாயிருக்க, இன்னொரு பூச்சாண்டி எதற்கு? அழுகை இருமடங்காயிற்று.

சிறுமி தம்பியின் கையைப் பிடித்து முதல் மரத்தருகே அழைத்துச் சென்றாள். 'இந்த மரமெல்லாம் வரிசையாக நிற்கிற ஆளுங்கடா. நீ ஒரு மரத்தைத் தட்டினால் அது உன்னைப் பிடித்து அடுத்த மரத்தின் கையிலே கொடுத்துவிடும். அது அதற்கடுத்த மரத்தின் கையிலே கொடுக்கும். இப்படியே கைமாறிக் கைமாறிப் பள்ளிக்கூடத்திலே விட்டுவிடும். மொத்தம் 41 ஆள்' என்றாள். அவன் கண்ணீரோடு தட்டினான். தட்டி நிமிர்ந்ததும் பனிக்குள்ளிருந்து அடுத்த மரம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு மரத்தினருகே வந்து நின்றால்தான் மற்றது தெரியும். பனியின் இயல்பே அதுதான். அந்த இயல்பைக் கவனித்து, 41 மரங்களையும் எண்ணி வைத்திருந்த அந்தப் பிள்ளை, தன் கணக்கையே கதையாக்கித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டாள். இருவரும் தட்டிக்கொண்டே போய் மறைந்தார்கள். பனிக்குள்ளிருந்து 'ஏழு, எட்டு' என்ற குரல் மட்டும் கேட்டது.

அன்றிரவு உணவருந்தும்போது பாட்டியம்மா நம்மிடம் ஒரு தீர்ப்புக் கேட்டார். 'ஹஜ்ரத், இவள் தினந்தோறும் தம்பியிடம் இப்படிப் பொய் சொல்கிறாள். நேற்று எறும்பு கடிதம் கொண்டுவந்தது என்றாள். இன்றைக்கு மரம் கைகொடுக்கும் என்கிறாள். மரம் கைகொடுக்குமா? இது பொய்தானே? நீங்கள் சொன்னால் கேட்பாள்.'

கதவோரம் அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். நம் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்த அந்த முகத்தைப் பார்த்ததும், நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் கிதாபுகளோடு பழகிய நமக்கு நா எழவில்லை. 'நாளைக்குப் பேசுவோம்' என்று சொல்லி நழுவினோம். அந்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு பழைய கடன் காரணம். அதைப் பின்னர் சொல்வோம்.

உள்ளதற்கு மாறானதைச் சொல்வது பொய் என்று நாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் பாட்டியம்மாவின் வழக்கு வென்றுவிடும். மரத்துக்குக் கையில்லை, கையில்லாத ஒன்று கொடுக்க இயலாது, ஆகவே சொன்னது பொய். ஆனால் இந்த அளவுகோலைக் கையிலெடுத்தால் இலக்கியத்தில் எவர்தாம் மிஞ்சுவார்? உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்து, ஆறுகளையும் நெல் வயல்களையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். மக்கமா நகரைச் சுற்றிலும் நெல் விளையாது என்பதை அந்தப் புலவர் அறியாதவரா? வண்டல் மண்ணின் பிள்ளைகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணின் சிறப்பை உணர்த்த வேறெந்த மொழியில் அவர் பேசியிருக்க முடியும்? 5027 விருத்தங்களை ஓதி நெகிழ்ந்த நம் முன்னோரில் எவரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. உலகில் இல்லாத பொருளைக் கொண்டு உள்ள பொருளை விளக்குவதற்கு இல்பொருள் உவமை என்றே தமிழ் இலக்கணம் பெயர் சூட்டி இடமளித்தது. அரபியிலும், மெய்யான கவிதை எது, புனைவு எங்கே தொடங்குகிறது என்று ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டிலேயே அப்துல் காஹிர் ஜுர்ஜானி நுணுகி நுணுகி ஆராய்ந்தார். பெரியவர்களின் புனைவுக்கு இவ்வளவு இலக்கணம் வகுத்தோம். எட்டு வயதுப் பிள்ளையின் புனைவுக்கு மட்டும் நம்மிடமிருப்பது 'பொய் சொல்லாதே' என்னும் ஓர் அதட்டல்தான்.

எனினும் புலவர்களைக் காட்டிப் பிள்ளையை விடுவிப்பது வழக்கறிஞர் வேலை. பாட்டியம்மா கேட்டது தம் வீட்டைப் பற்றிய கேள்வி. அதற்கு வீட்டிலிருந்தே விடை வேண்டும். நாயகத்தின் இல்லத்திலிருந்து வந்த இரண்டு செய்திகள் அன்றிரவு நம் நினைவுக்கு வந்தன. இரண்டும் அபூதாவூதில் பதிவானவை. இரண்டையும் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒன்றன் பக்கத்தில் மற்றதை வைத்துப் பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

முதலாவது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள். ஒரு போரிலிருந்து நாயகம் (ஸல்) திரும்பியிருந்த வேளை. காற்று வீசித் திரையை விலக்க, உள்ளே பொம்மைகள் தெரிகின்றன. அவற்றின் நடுவே துணிக்கந்தலால் இரு சிறகுகள் வைத்த ஒரு குதிரை. இது என்ன என்று வினவுகிறார்கள். குதிரை என்று விடை வருகிறது. அதன்மேல் இருப்பவை என்ன என்று கேட்க, சிறகுகள் என்கிறார்கள் அன்னையார். குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) வியக்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. அதைக் கேட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியும்வரை நாயகம் (ஸல்) சிரித்தார்கள். குதிரைக்குச் சிறகு முளைக்காது என்று பாடம் நடத்தவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது செய்தியில் ஒரு தாய் தன் குழந்தையை, 'வா, உனக்கு ஒன்று தருகிறேன்' என்று அழைக்கிறாள். நாயகம் (ஸல்) அவ்வீட்டில் அமர்ந்திருக்கிறார்கள். என்ன தருவதாக நினைத்தாய் என்று அவளிடம் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறாள். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் அது உன் கணக்கில் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரிக்கிறார்கள்.

சிறகுள்ள குதிரைக்குச் சிரிப்பு. வெறுங்கையோடு அழைப்பதற்கு எச்சரிக்கை. உலகில் உள்ளதா இல்லதா என்பதுதான் அளவுகோல் என்றால் குதிரையன்றோ பெரிய பொய்? பேரீச்சம்பழம் உலகில் உள்ள பொருள். சிறகுக் குதிரையை யாரும் கண்டதில்லை. அப்படியானால் அளவுகோல் வேறிடத்தில் இருக்கிறது. குதிரை எவரிடமிருந்தும் எதையும் மறைக்கவில்லை. கந்தல் கந்தலாகவே கண்முன் தெரிகிறது; அதைச் சிறகென்று கொள்ளலாம் என்னும் அழைப்பு மட்டுமே அங்கே இருக்கிறது. வெறுங்கையோ மூடப்பட்டிருக்கிறது. குழந்தையின் ஆசையை அறிந்து, அதைப் பிடித்திழுத்து, நம் காரியம் முடிந்ததும் விட்டுவிடும் ஏற்பாடு அது. இந்தக் கண்கொண்டு பார்த்தால், நம் நண்பர் வீட்டு வாசற்படியில் அன்று காலை இரண்டு பொய்கள் சொல்லப்பட்டன. ஒன்று மிட்டாய், மற்றொன்று பூச்சாண்டி. இரண்டையும் சொன்னவர்கள் பெரியவர்கள். சிறுமியின் 41 ஆட்களோ ஒவ்வொருவராக நின்ற இடத்தில் நின்றார்கள். பையன் தட்டத் தட்டக் கொடுத்தார்கள்.

புனைவெல்லாம் குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. யூசுப் நபியின் சகோதரர்களும் புனைந்தவர்களே. தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அவர் சட்டையில் வேறோர் இரத்தத்தைப் பூசி, ஓநாய் தின்றுவிட்டது என்று தந்தையின் முன் அழுது நின்றார்கள். அதிலும் கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சட்டை ஒரு கிணற்றை மறைத்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த ஓநாயை அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகத் தந்தைதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். பெரியவர்களின் அச்சத்திலிருந்தே பிள்ளைகள் தங்கள் பொய்க்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்கிறார்கள்!

இங்கேதான் நம் பழைய கடனைச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், மக்தபில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். மழைக்காலம். எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நேரங்கழித்து வந்தாள். முந்தின நாள் எழுதிக்கொடுத்த பாடம் சிலேட்டில் இல்லை. எங்கே பாடம் என்று கேட்டோம். 'மழை ஓதிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டது, ஹஜ்ரத்' என்றாள். பிள்ளைகள் சிரித்தனர். நம்மைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தோம். உள்ளங்கையில் இரண்டு அடி. அதோடு நிற்கவில்லை; எல்லோர் முன்னிலையிலும் 'நான் பொய் சொன்னேன்' என்று மூன்று முறை சொல்லவைத்தோம். சொன்னாள்.

அவளுடைய தாயார் பீடி சுற்றிப் பிழைப்பவர். விடியற்காலையில் சுற்றிய பீடிக்கட்டைக் கடையில் சேர்த்துவிட்டு மக்தபுக்கு வருவது அவள் வழக்கம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பீடியைக் கடைக்காரர் கழித்துவிடுவார். அன்றைய கூலி போய்விடும். குடை இல்லை. கையிலிருந்த சிலேட்டைக் கட்டின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். கட்டு நனையவில்லை, பாடம் நனைந்துவிட்டது. இதை ஒரு வாரத்துக்குப் பின் அவள் தாயார் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அறிந்தோம். மழை அழித்தது என்பது உண்மை. ஓதிப் பார்த்தது என்பது, நம் முன்னால் நடுங்கி நின்ற ஒரு பிள்ளை அந்த உண்மைக்குப் போர்த்திய சிறு சிறகு. அன்றைக்கு அந்த ஊரில் மிகச் சிறந்த யோசனை அவளுடையதாகத்தான் இருந்திருக்கும். அதற்கு நாம் தந்த கூலி பிரம்பு.

அதன்பின் அவள் மாறிவிட்டாள். கதை சொல்வதில்லை. கேட்டதற்கு 'ஆமாம் ஹஜ்ரத்', 'இல்லை ஹஜ்ரத்' என்பாள். வராத நாட்களுக்கு 'காய்ச்சல்' என்பாள். அந்தக் காய்ச்சல்களில் பல பொய் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவை ஒழுங்கான பொய்கள், கேட்ட எவரும் சிரிக்கவில்லை, நாமும் பிரம்பெடுக்கவில்லை. கற்பனை பேசியபோது அடித்தோம். பொய் பேசியபோது ஏற்றுக்கொண்டோம். இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதி முடித்த முகத்திமாவில், கடுமையான தண்டனை சிறு பிள்ளைகளைக் கெடுக்கும், அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசக் கற்பார்கள், நாளடைவில் அதுவே இயல்பாகிவிடும் என்று விளக்கியிருக்கிறார். அந்தப் பகுதியை அந்தச் சம்பவத்துக்கு முன்பே படித்திருந்தோம் என்பதுதான் வேதனை. பிள்ளையை ஓதி முடித்தபின் விளையாடவிட வேண்டும், தடுத்தால் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்ற இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்தையும் பயான்களில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். சொல்வது எளிது.

இதற்கு மறுதரப்பும் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கோடைக்கானல் மலையில் தங்கிக் குழந்தைகளிடையே பணியாற்றியவர். சிறு குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் ஊட்டுவதை அவர் விரும்பவில்லை. உள்ள உலகத்தைக் கையால் தொட்டு அறியட்டும் என்பது அவர் கொள்கை. நம் பாட்டியம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் துணைக்கு அழைத்திருப்பார். ஆனால் அம்மையார் கண்டித்ததைக் கூர்ந்து பார்த்தால், பெரியவர்கள் கட்டிய கற்பனையைப் பிள்ளையின் தலையில் ஏற்றி, அது நம்புவதைக் கண்டு மகிழும் வழக்கத்தையே அவர் முதன்மையாகச் சாடினார் என்பது விளங்கும். பூச்சாண்டி அந்த இனத்தைச் சேர்ந்தவன். 41 மரங்களும் தொட்டு எண்ணி அறியப்பட்டவை.

ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே, இதே கிழக்குத் தொடர்ச்சி மலையின் சவ்வாது மலைப்பகுதிக்கு அண்மையில் இருப்பது திருவண்ணாமலை. அங்கே வினிஷா உமாசங்கர் என்னும் சிறுமி தன் தெருவில் துணி தேய்க்கும் தொழிலாளி கரியை எரித்துப் பெட்டியைச் சூடாக்குவதையும், எரிந்த கரியைக் கொட்டுவதையும் பார்த்தாள். நாமும் நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். மடிப்புக் கலையாத சட்டையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அவள் அந்தப் புகை எங்கே போகிறது என்று யோசித்தாள். எத்தனை மரம் இந்தக் கரியாயிற்று என்றும் யோசித்தாள். 2019இல், 12 வயதில், கூரையில் சூரிய ஒளித் தகடு பொருத்திய தேய்ப்பு வண்டியை வடிவமைத்தாள். 5 மணி நேர வெயிலில் மின்கலம் நிரம்பினால் 6 மணி நேரம் தேய்க்கலாம். டாக்டர் அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது அவ்வாண்டே கிடைத்தது. 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு வந்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய உலகப் பருவநிலை மாநாட்டில் 14 வயதில் எழுந்து நின்று பேசினாள்.

அச்செய்தி வந்தபோது நம் ஊரில் எல்லோரும் மெச்சினார்கள்; நாமும் மெச்சினோம். ஆனால் பரிசு பெற்ற பிள்ளையை மெச்சுவதற்குப் பெரிய மனம் தேவையில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக மனத்தில் காண்பதில்தான் அந்த வண்டியும் தொடங்கியிருக்க வேண்டும். அப்பொழுது யாராவது 'சூரியன் பெட்டி தேய்க்குமா? உளறாதே' என்று சொல்லியிருந்தால்? பிறருடைய நெஞ்சில் புகுந்த புகையைத் தன் நெஞ்சில் இருப்பதாக எண்ணிப் பார்ப்பதற்கு எந்த ஆற்றல் வேண்டுமோ, மரத்துக்குக் கை இருப்பதாக எண்ணுவதற்கும் அதே ஆற்றல்தான் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. தம்பியின் அச்சத்துக்குள் புகுந்து பார்த்திராவிட்டால், அந்தச் சிறுமிக்கு மரங்களை எண்ணும் அவசியமே வந்திராது. அவளுக்குப் பனியிடம் அச்சமில்லை.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் இப்னு துஃபைல் எழுதிய ஹய் இப்னு யக்ளான் என்னும் நூலில், மனிதரில்லாத தீவில் மானிடம் பால் குடித்து வளரும் ஒரு பிள்ளை வருகிறான். விலங்குகளுக்குக் கொம்பும் ரோமமும் இருக்க, தனக்கு ஏன் இல்லை என்று காத்திருந்து பார்க்கிறான். ஏழு வயது நெருங்கியும் கொம்பு முளைக்கவில்லை. பிறகு அகன்ற இலைகளைக் கோத்து உடுத்துகிறான். மரக்கிளையை ஒடித்துத் தடியாக்குகிறான். அறிவின் வரலாற்றையே ஒரு பிள்ளையின் இல்லாமையிலிருந்து தொடங்கிய அந்த நூலை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் அவன் தனியன், ஆண்பிள்ளை. தம்பியை ஒரு கையிலும் புத்தகப்பையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டிய பெண்பிள்ளையை வைத்து அப்படியொரு நூலை யாராவது எழுதியிருந்தால், அந்த மக்தபில் நம் கை பிரம்பைத் தேடியிருக்காதோ என்னவோ.

மறுநாள் காலை பாட்டியம்மாவிடம், 'பேத்தி பொய் சொல்லவில்லை அம்மா. மிட்டாய்தான் கணக்கில் நிற்கிறது' என்றோம். நண்பர் குனிந்து தேநீரைப் பார்த்தார். பாட்டியம்மாவுக்கு முழு நிறைவில்லை. 'அப்படியென்றால் மரம் கைகொடுக்கும் என்கிறீர்களா?' என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம் என்று பிள்ளைகளுடன் கிளம்பினோம்.

பனி அன்று மிகக் கடுமை. பத்தடி நடந்ததும் திரும்பிப் பார்த்தோம், வீடு இல்லை. முன்னாலும் ஒன்றுமில்லை. ஐம்பது கடந்த நமக்கு நெஞ்சு சற்றுப் படபடத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறுமி முன்னே எண்ணிக்கொண்டு போனாள். பையன் பின்தங்கி நின்று, நம் விரலைப் பிடித்து, ஈரமாயிருந்த ஒரு மரத்தின் மேல் வைத்தான்.

'தட்டுங்க ஹஜ்ரத். கொடுத்துடும்.'